பொத்தானை அழுத்தியவர் நாம்தான்: விடியோ கேம்களும் ஆழ்ந்த உணர்வும்

“ஒரு கணினியால் உங்களை அழவைக்க முடியுமா?” 1980களின் தொடக்கத்தில், அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அமெரிக்க இதழ்களில் வெளியிட்ட ஒரு விளம்பரத்தின் தலைப்பு இது. கட்டங்களும் புள்ளிகளும் திரையில் நகர்வதையே விடியோ கேம் என்று பெரும்பாலோர் எண்ணியிருந்த காலம் அது. ஆயினும் அந்தக் கேள்விக்கான முதல் விடைகளில் ஒன்று அதிகம் தாமதிக்காமல் வந்துவிட்டது. இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக ஸ்டீவ் மெரெட்ஸ்கி உருவாக்கி 1983-இல் வெளியான ‘பிளானட்ஃபால்’ என்ற கேமில் படங்களே கிடையாது. முழுக்க முழுக்கச் சொற்களால் ஆனது. ஆட்டக்காரரை விட்டு அகலாமல் குழந்தைபோல் சுற்றிவரும் ஃப்ளாய்ட் என்ற ரோபோ, ஒரு கட்டத்தில் ஆபத்து நிறைந்த ஆய்வுக்கூடத்துக்குள் தானாகவே முன்வந்து நுழைந்து, தேவையான அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆட்டக்காரரின் கைகளிலேயே செயலிழந்து போகும். அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் பலர் இன்றும் நினைவுகூரும் முதல் கண்ணீர் அதுதான்.

ஆகவே கேம்களால் உணர்ச்சியைக் கிளர்த்த முடியுமா என்பது பழைய கேள்வி. அதற்கு விடை கிடைத்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அவை எந்த வழியில் கிளர்த்துகின்றன, மற்றக் கலைகள் தொட முடியாத எந்த உணர்வுகளைத் தொடுகின்றன என்பதே இப்போது ஆராய வேண்டியது. திரைப்படத்திலும் நாவலிலும் இன்னொருவர் செய்வதை நாம் காண்கிறோம். அவருக்காக வருந்துகிறோம், அஞ்சுகிறோம். கேமிலோ செய்பவர் நாம். கதவைத் திறந்தவர், அம்பை எய்தவர், கையை விட்டவர் எல்லாம் நாம்தான். இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்துதான் குற்றவுணர்வு, பொறுப்பு, ஓர் உயிரைப் பேணும் பரிவு, செய்வதற்கு ஒன்றுமில்லாத கையறுநிலை ஆகிய உணர்வுகள் பிறக்கின்றன. ஒரு கேம் ஆழமான அனுபவமாவதும் ஆகாமல் போவதும், அது ஆட்டக்காரரின் கைக்கு எத்தகைய வேலையைக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்வுகளைச் சொல்கிறது. இவற்றுள் அச்சத்தையும் பெருமிதத்தையும் வெகுளியையும் உவகையையும் விடியோ கேம்கள் பிறந்த நாள் முதலே எளிதாகக் கையாண்டன. திரையின் திறன் வளர வளர மருட்கையும் வந்து சேர்ந்தது. நெடுங்காலம் பிடிபடாமல் இருந்தவை அழுகையும் இளிவரலும்தான். இதற்குக் காரணம் வெற்றி, தோல்வி என்ற அடிப்படை அமைப்பே. இறந்த வீரன் அடுத்த நொடியே எழுந்து நிற்கும் உலகில் இறப்பு என்பது சற்று நேர இழப்பு மட்டுமே. அழுகை பிறக்கும் களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கை அந்நூல் வகுக்கிறது. மீண்டும் தொடங்கலாம் என்ற ஒரே வசதி இந்த நான்கையும் செல்லாதவை ஆக்கிவிடுகிறது. இழந்ததை உடனே மீட்டுக்கொள்ளலாம் என்றால் எதை நினைத்து அழுவது?

அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இன்னொரு பக்கத்திலிருந்து தடை எழுப்பினார். 2005-லும் பின்னர் 2010-லும் அவர் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுதான்: சிறந்த திரைப்படமும் இலக்கியமும் படைப்பாளியின் கட்டுப்பாட்டில் இருப்பவை; எதை எப்போது காட்டுவது, எந்த முடிவுக்கு நம்மைக் கொண்டுசெல்வது என்பதை அவரே தீர்மானிக்கிறார்; கேமோ அந்தத் தீர்மானத்தை ஆட்டக்காரரிடம் ஒப்படைத்துவிடுகிறது; ஆகவே அது கலையின் ஆழத்தை எட்டாது. இந்தக் கருத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தபின், போதிய அளவு விளையாடிப் பார்க்காமல் அவ்வாறு எழுதியிருக்கக் கூடாது என்று 2010 ஜூலையில் அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் அவருடைய தடையை எளிதில் தள்ளிவிட இயலாது. ரோமியோவும் ஜூலியட்டும் பிழைத்துக்கொள்ளும் முடிவை ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கலாம் என்றால் அந்த நாடகத்தில் என்ன எஞ்சும் என்பது நியாயமான கேள்வியே.

கேம் தொழில்துறையின் பெரும் பகுதி இந்தக் கேள்விக்குத் தவறான திசையில் விடை தேடியது என்பது என் கருத்து. திரைப்படம் மனத்தைத் தொடுகிறது, ஆகவே கேமும் திரைப்படம்போல ஆகிவிட்டால் மனத்தைத் தொடும் என்று அது முடிவு செய்தது. நடிகர்களின் முக அசைவுகளைப் பதிவு செய்யும் தொழில்நுட்பத்திலும், கண்ணின் ஈரத்தையும் தோலின் சுருக்கத்தையும் வரைவதிலும் பெரும் பணம் கொட்டப்பட்டது. 2013 பிப்ரவரியில் சோனியின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 4 அறிமுகமான மேடையில், பிரெஞ்சு வடிவமைப்பாளர் டேவிட் கேஜ் ஒரு முதியவரின் முகத்தை மிக நுணுக்கமாகத் திரையில் காட்டி, கணினியின் ஆற்றல் கூடக்கூட உணர்வை வெளிப்படுத்தும் ஆற்றலும் கூடும் என்று வாதிட்டார். நுணுக்கமான முகம் நல்லதுதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் நேரத்தில் ஆட்டக்காரர் வெறும் பார்வையாளராகிவிடுகிறார். கேம் தன் தனிப்பட்ட வலிமையை இழந்து, திரைப்படத்தின் இளைய நகலாக நிற்கிறது.

படத்தின் தெளிவுக்கும் உணர்வின் ஆழத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதைக் காட்ட இரண்டு சான்றுகள் போதும். 1996-இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டமகோச்சி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொம்மை. அதன் சிறு திரையில் சில கறுப்புப் புள்ளிகளே ஓர் உயிராக உலவின. அதற்கு உணவளிக்க வேண்டும், கழிவை அகற்ற வேண்டும், மறந்துவிட்டால் அது இறந்துவிடும். உலகெங்கும் குழந்தைகள் அதற்காக உண்மையாகவே அழுதார்கள். முகபாவம் கூடச் சரியாகத் தெரியாத ஒன்றின்மீது பாசம் வளர்ந்தது அதைப் பேணிய காரணத்தால்தான். இரண்டாவது, ஜேசன் ரோரர் 2007-இல் வெளியிட்ட ‘பேசேஜ்’. 100 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொண்ட ஒரு குறுகிய பட்டைதான் அதன் உலகம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு மனிதன் வலப்பக்கம் நடந்தபடியே முதுமை அடைகிறான். தொடக்கத்தில் ஒரு பெண்ணைச் சந்தித்து இணைந்துகொண்டால் இருவரும் சேர்ந்து நடக்கலாம். ஆனால் இணைந்தபின் குறுகிய சந்துகளுக்குள் நுழைய முடியாது, அங்கே கிடக்கும் புதையல் பெட்டிகள் எட்டாமலே போகும். முடிவை நெருங்கும்போது அவள் முதலில் இறக்கிறாள். அதன்பின் அவனது நடை தளர்ந்து மெதுவாகிறது. அந்த மெதுவான நடையை ஆட்டக்காரர் தம் விரலிலேயே உணர்கிறார்: அதே விசையைத்தான் அழுத்துகிறார், ஆனால் உருவம் முன்போல் நகர மறுக்கிறது. துயரம் என்று எங்கும் எழுதப்படவில்லை. இல்வாழ்க்கை எதைத் தருகிறது, எதை விலக்குகிறது, பிரிவு என்ன செய்கிறது என்பவை எல்லாம் நடக்கும் விதிகளுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கின்றன.

விதிக்குள் உணர்வை வைப்பது என்ற இந்த முறையை மிகத் துல்லியமாகக் கையாண்டவர்களுள் ஒருவர் ஜப்பானிய வடிவமைப்பாளர் ஃபுமிடோ உவேதா. 2001-இல் வந்த அவருடைய ‘இகோ’வில், கோட்டைக்குள் சிக்கிய ஒரு சிறுவன், மொழி புரியாத ஒரு சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறான். அவள் கையைப் பிடிக்க ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். விட்டால் கை நழுவும். ஆட்டம் முழுவதும் அந்தப் பொத்தானை அழுத்தியே வைத்திருக்கும் விரல், ஒரு கட்டத்தில் அவளைப் பாதுகாக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டுவிடுகிறது.

இந்த வழியில் எனக்குத் தெரிந்தவரை மிகத் தொலைவு சென்றது, 2013-இல் சுவீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனத்திலிருந்து வெளிவந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’. இதை இயக்கிய யோசெஃப் ஃபாரெஸ் லெபனானில் பிறந்து, சிறுவயதில் சுவீடனுக்குக் குடிபெயர்ந்தவர். கேம்களுக்கு வருமுன் திரைப்பட இயக்குநராக அறியப்பட்டவர். திரைப்படம் அறிந்த ஒருவர், திரைப்படத்தால் ஒருபோதும் செய்ய முடியாத ஒன்றைக் கேமில் தேடினார் என்பது கவனிக்கத்தக்கது. நோயுற்ற தந்தையைக் காப்பாற்ற, உயிர்மரத்தின் நீரைத் தேடி அண்ணனும் தம்பியும் புறப்படுகிறார்கள். இருவரையும் ஒரே ஆட்டக்காரர், ஒரே கன்ட்ரோலரில் (இரு கைகளாலும் பிடித்து ஆட்டத்தை இயக்கும் கருவி), ஒரே நேரத்தில் இயக்க வேண்டும்: இடக்கை அண்ணனுக்கு, வலக்கை தம்பிக்கு. பேசும் மொழி கற்பனையானது. ஒரு சொல்லும் புரியாது. தொடக்கத்தில் இரண்டு கைகளும் குழம்பும். அண்ணன் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும்போது தம்பி வேறெங்கோ போவான். மெல்ல மெல்லக் கைகள் பழகுகின்றன, அண்ணன் தம்பி உறவு ஆட்டக்காரரின் இரு கைகளுக்கிடையே இசைவாக உருவாகிறது.

தம்பிக்கு நீரைக் கண்டால் அச்சம். அவன் கண்ணெதிரே தாய் நீரில் மூழ்கி இறந்தவள். ஆகவே ஆற்றையோ ஏரியையோ கடக்க நேரும்போதெல்லாம், இடக்கைப் பொத்தான் அண்ணனை நீந்தவைக்க, வலக்கைப் பொத்தான் தம்பியை அண்ணனின் முதுகைப் பற்றிக்கொள்ளவைக்கும். கதையின் பிற்பகுதியில் அண்ணன் இறந்துவிடுகிறான். தம்பி அவன் உடலைக் குழிக்குள் இழுத்துக் கிடத்தி மண்ணைத் தள்ளி மூட வேண்டும். இதை ஆட்டக்காரரின் வலக்கை செய்கிறது. இடக்கைக்கு வேலையே இல்லை. சில மணி நேரமாக இடைவிடாமல் இயங்கிவந்த ஒரு கை திடீரெனச் சும்மா கிடப்பதை, அண்ணனின் இன்மையாக உடல் அறிகிறது. பிறகு தம்பி தனியாக ஊர் திரும்புகிறான். வழியில் வெள்ளம் குறுக்கிடுகிறது. வலக்கைப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அவன் நீரில் இறங்க மறுக்கிறான். அப்போது, இதுவரை அண்ணனுக்கு உரியதாக இருந்த இடக்கைப் பொத்தானை அழுத்தினால், தம்பி நீந்தத் தொடங்குகிறான்.

இந்த ஓர் அசைவை எந்த விளக்கவுரையும் ஈடுசெய்ய இயலாது. இறந்தவரிடமிருந்து கற்ற துணிவு நம்முள் வாழ்கிறது என்பதை வசனமாகச் சொன்னால் அது தேய்ந்துபோன ஆறுதல் மொழி. இங்கோ அதைச் சொல்பவர் யாருமில்லை. ஆட்டக்காரரின் விரல் தானாகவே அந்தப் பொத்தானைத் தேடிச் செல்கிறது. ஈபர்ட்டின் தடைக்கும் இங்கே ஒரு விடை இருக்கிறது. ஆட்டக்காரருக்கு இதில் முடிவை மாற்றும் உரிமை எதுவும் இல்லை; கதை முழுவதும் படைப்பாளியின் பிடியிலேயே இருக்கிறது. கேமின் தனித்தன்மை தேர்வு செய்யும் உரிமையில் இருக்கிறது என்று அவர் கருதினார். அது செயலைச் செய்யும் கடமையில் இருக்கிறது என்பதே சரி.

கடமையோடு செய்த செயல் தீங்காக முடியும்போது பிறப்பதுதான் இளிவரல். உவேதாவின் அடுத்த படைப்பான ‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’ 2005-இல் வந்தது. இறந்த ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க, ஒரு வெற்று நிலத்தில் ஆங்காங்கே வாழும் 16 பேருருவங்களை இளைஞன் ஒருவன் கொல்ல வேண்டும். அவற்றுள் சில, தாக்கும்வரை நம்மைப் பொருட்படுத்துவதே இல்லை. ஒவ்வொன்றும் சரியும்போது வெற்றி முழக்கத்தை எதிர்பார்க்கும் காதில் விழுவது ஒப்பாரிக்கு நிகரான இசை. ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் இளைஞனின் உருவம் சிறிது சிறிதாகக் கறுக்கிறது. கேம் எங்கும் நம்மைக் கண்டிப்பதில்லை. நிறுத்திவிடலாம் என்ற எண்ணமும், அடுத்ததையும் வீழ்த்திவிட வேண்டும் என்ற ஆசையும் நமக்குள்ளேயே மோதுகின்றன.

லூகஸ் போப் தனியொருவராக உருவாக்கி 2013-இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ இதே உணர்வை அலுவலக மேசைக்குக் கொண்டுவந்தது. 1982-ஆம் ஆண்டில், அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் ஆட்டக்காரர் ஒரு குடிநுழைவு அதிகாரி. வரிசையில் வருபவர்களின் கடவுச்சீட்டையும் அனுமதிச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரைச் சோதித்து முடிக்கிறோமோ அத்தனைக்கே கூலி. நாள் முடிவில் வாடகை, உணவு, கணப்பு ஆகிய செலவுகள் ஒரு சிறு பட்டியலாக வரும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா ஆகியோரில் யார் பசியோடு இருக்கிறார்கள், யாருக்கு நோய் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒருநாள் ஒரு கணவர் சரியான ஆவணங்களோடு வந்து உள்ளே போகிறார். பின்னால் என் மனைவி வருகிறாள், அவளிடம் கனிவாக இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். அவளிடம் உரிய அனுமதிச் சீட்டு இல்லை. அவளை உள்ளே விட்டால் தவறிழைத்ததாக ஓர் எச்சரிக்கைச் சீட்டு வரும். ஒரு நாளின் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டுமே; மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம். ஆகவே அன்று ஏற்கெனவே கவனக்குறைவாகச் செய்த பிழைகள் எத்தனை என்று ஆட்டக்காரர் மனத்துக்குள் எண்ணிப் பார்க்கிறார். ஒரு பெண்ணின் வாழ்வை அந்தக் கணக்கில் வைத்துத் தாம் நிறுத்துக்கொண்டிருப்பதை அந்த நொடியில்தான் உணர்கிறார். கொடுங்கோன்மையைப் பற்றிய நூல்கள் பல, தீங்கு எவ்வாறு சாதாரண மனிதர்களின் கைவழியே நடக்கிறது என்று விளக்கியிருக்கின்றன. அந்தக் கையின் நிலையில் நம்மை நிறுத்தி, நம் குழந்தையின் பசியையும் எதிரே வைத்துக் கேட்பது வேறு வகை அறிவு. மேசை போதாமல் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிவதும், நேரம் ஓடிக்கொண்டே இருப்பதும், இரக்கம் காட்டுவதற்கு முதலில் கால அவகாசம் வேண்டும் என்பதைச் சொல்லாமலே உணர்த்துகின்றன.

போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014-இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’, போஸ்னியத் தலைநகர் சரயேவோவை 1992 முதல் 1996 வரை சூழ்ந்திருந்த போர் முற்றுகையை அடிப்படையாகக் கொண்டது. இதில் ஆட்டக்காரர் படைவீரர் அல்லர். இடிந்த வீட்டில் உணவும் மருந்தும் இன்றித் தவிக்கும் பொதுமக்களை வழிநடத்துபவர். பிறருடைய வீட்டில் திருடினால் உணவு கிடைக்கும். ஆனால் திருடியவர் மனமுடைந்து, உண்ணாமலும் வேலை செய்யாமலும் முடங்கிப்போகக்கூடும். நல்லவர், கெட்டவர் என்று மதிப்பெண் போடாமல், செய்த செயலின் சுமையை அந்த மனிதரின் நடையிலும் பேச்சிலும் காட்டுவது இதன் சிறப்பு. போலந்து அரசு 2020-இல் இதைப் பள்ளி மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. போரை அறியாத தலைமுறைக்குப் போரின் வறுமையை உணர்த்த ஓர் அரசு கேமைத் தேர்ந்தது பொருத்தமான முடிவு என்றே சொல்வேன்.

துயரமும் குற்றவுணர்வும் மட்டுமே ஆழம் என்று எண்ணிவிடக் கூடாது. 2012 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3-க்காக வெளிவந்த ‘ஜர்னி’, முன்பின் அறியாதவர்மீது எழும் அன்பைப் பற்றியது. ஷாங்காயில் பிறந்த ஜெனோவா சென்னும் அவருடைய தட்கேம்கம்பெனி குழுவும் உருவாக்கிய இந்த ஆட்டத்தில், சிவப்பு ஆடையணிந்த ஓர் உருவம் பாலைவனத்தைக் கடந்து தொலைவில் தெரியும் மலையை நோக்கிச் செல்கிறது. இணையத் தொடர்பு இருந்தால், உலகின் எங்கோ இருக்கும் இன்னோர் ஆட்டக்காரர் அதே பாதையில் எதிர்ப்படுவார். அவர் பெயர் தெரியாது; பேச முடியாது; எழுத முடியாது. ஒரு பொத்தானை அழுத்தினால் எழும் சிறு இசையொலி மட்டுமே மொழி. இருவரும் நெருங்கி நின்றால் கழுத்துத் துணி ஒளிர்ந்து, பறக்கும் ஆற்றல் இருவருக்கும் பெருகும். மலையுச்சியின் பனியில் ஒருவரையொருவர் ஒட்டி நடந்தால் குளிரைச் சற்றுத் தாங்கலாம்.

இந்த அன்பு தானாக வந்துவிடவில்லை. தொடக்க கால வடிவங்களில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தள்ள முடிந்தது. தடைகளைக் கடக்க உதவட்டும் என்று அந்த வசதி வைக்கப்பட்டிருந்தது. சோதித்துப் பார்த்தவர்களோ ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளிவிட்டு மகிழ்ந்தார்கள். வருந்திய சென், குழந்தை வளர்ச்சி உளவியலாளர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டதாகப் பின்னர் கூறியிருக்கிறார். புதிய உலகில் நுழையும் ஆட்டக்காரர் கைக்குழந்தையைப் போன்றவர். எதைச் செய்தால் அதிக எதிர்வினை கிடைக்கிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய்வார். நல்லது கெட்டது அங்கே பொருட்டில்லை என்பது அவருக்குக் கிடைத்த விளக்கம். ஆகவே தள்ளும் வசதி நீக்கப்பட்டது, உருவங்கள் ஒன்றையொன்று மோதாமல் ஊடுருவிச் செல்லும்படி செய்யப்பட்டது, அருகில் நிற்பதற்கு ஒளியும் ஓசையும் பரிசாக வைக்கப்பட்டன. தள்ளி மகிழ்ந்தவர்கள் எத்தகைய மனிதர்களோ, அத்தகையவர்களே இப்போது வழியறியாத துணைவருக்காகக் காத்து நின்றார்கள். இணையத்தில் மனிதர்கள் இயல்பாகவே கொடியவர்கள் என்று சலித்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் இந்தச் சிறு வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும்: எந்தச் செயலுக்கு எந்த எதிர்வினை என்று விதியமைப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆட்டம் முடிந்தபின்தான், உடன் நடந்தவர்களின் பயனர் பெயர்கள் திரையில் தோன்றும்.

இவற்றுக்கெல்லாம் மறுதிசையில் நிற்பது, 2016 ஜனவரியில் வெளியான ‘தட் டிராகன், கேன்சர்’. அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த ரையன் கிரீன், ஏமி கிரீன் தம்பதி, தங்கள் மகன் ஜோயல் மூளைப் புற்றுநோயோடு வாழ்ந்த ஆண்டுகளைக் கேமாக ஆக்கினார்கள். ஒரு வயதில் நோய் கண்டறியப்பட்ட அந்தக் குழந்தை, ஆட்டம் உருவாகிக்கொண்டிருந்தபோதே, 2014 மார்ச்சில் ஐந்து வயதில் இறந்தான். அதில் ஒரு மருத்துவமனை இரவு வருகிறது. குழந்தை நீரிழப்பால் துடித்து ஓயாமல் அழுகிறான். தூக்கி ஆட்டலாம், பழச்சாறு கொடுக்கலாம், அறைக்குள் நடக்கலாம். எதுவும் அழுகையை நிறுத்தாது. உண்மையில் நடந்த அந்த இரவில்தான் இந்தக் கேமுக்கான எண்ணம் தமக்கு உதித்ததாக ரையன் கிரீன் சொல்லியிருக்கிறார். சரியான செயலைச் செய்தால் சரியான பலன் உண்டு என்பது கேம்கள் ஆட்டக்காரருடன் செய்துகொண்ட ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை நம்பியே நாம் மீண்டும் மீண்டும் முயல்கிறோம். அது முறியும்போது, பலனில்லை என்று அறிந்தபின்னும் குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருக்கும் பெற்றோரின் கையறுநிலைக்குள் நின்றுகொண்டிருக்கிறோம்.

இந்தக் கேமின் பிற்கதை என் வாதத்துக்குச் சற்று இடர் தருவது. பலர் இதை வாங்கி ஆடவில்லை. பிறர் ஆடுவதைப் பதிவுசெய்த விடியோக்களில் முழுவதையும் பார்த்துவிட்டார்கள், அழுதார்கள், கருத்து எழுதினார்கள். பல ஆண்டு உழைப்புக்கு வருவாய் கிட்டாத வருத்தத்தை 2016 மார்ச்சில் ரையன் கிரீன் வெளிப்படையாக எழுதினார். பார்த்தாலே போதுமென்றால் கைக்கு என்ன சிறப்பு என்று கேட்கலாம். அந்தக் கேமில் ஆட்டக்காரர் செய்யக்கூடியது குறைவு, பெரும் பகுதி கதையாகவே நகர்கிறது என்பது உண்மை. அந்தப் பகுதிகளைப் பார்த்தாலே பொருள் கிடைத்துவிடும். ஆனால் மருத்துவமனை இரவைப் பார்ப்பவர் அந்தத் தந்தைக்காக இரங்குவார். ஆடுபவரோ அடுத்து எதைச் செய்து பார்க்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பார். இரண்டும் ஒன்றல்ல.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே நேரடியாகத் தொடர்புள்ள படைப்பு ஒன்று உண்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா சென்ற ஒரு குடும்பத்தின் கதை. வெண்பா, அவள் கணவர் பாவலன், மகன் கவின் ஆகிய மூவரே உலகம். அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் மை கலைந்தும் கிடக்கிறது. எழுத்து அழிந்த இடங்களை ஊகித்து ஆட்டக்காரர் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லா இடத்துக்கும் போகும் என்பது முதல் புதிர். தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது புதிரே அல்ல, கைப்பழக்கம். வேற்று நாட்டு ஆட்டக்காரருக்கோ ஓர் அயல் சமையலறையில் தடுமாறி நிற்கும் அனுபவம். பின்னர் வளர்ந்த கவின் அதே குறிப்பேட்டைத் திறக்கும்போது, தமிழ் எழுத்துகள் அவனுக்கு முழுமையாகப் பிடிபடுவதில்லை. மொழி விலகிப்போனதன் துயரத்தை, ஒரு குழம்பை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அடுப்பின் முன் நிற்கும் நிலையாக மாற்றியது அருமையான வடிவமைப்பு. 2024-இல் தனிச் சிறு குழுக்களின் கேம்களுக்கான இண்டிபெண்டென்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் முதற்பரிசையும், பிரிட்டிஷ் கலை அமைப்பான பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதையும் இது பெற்றது. சமையல் காட்சிகளுக்கு இடைப்பட்ட உரையாடல்களில் கைக்கு வேலை குறைந்து கதை மட்டுமே சுமையைத் தூக்குகிறது என்பது என் சிறு குறை. அந்த இடங்களில் இது நல்ல குறும்படம்போல இருக்கிறது, அடுப்படியில்தான் கேமாக இருக்கிறது.

கதை ஒன்றைச் சொல்லக் கை வேறொன்றைச் செய்தால் உணர்வு பொய்யாகிவிடும். வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007-இல் ‘பயோஷாக்’ என்ற கேமை முன்வைத்து இந்த முரணை விரிவாக எழுதினார். அதற்குப் பின்னும் இது தீர்ந்தபாடில்லை. இடைக்காட்சிகளில் மனைவியிடம் கனிவாகப் பேசும் நாயகன், அடுத்த அரை மணி நேரத்தில் எண்ணற்றோரைச் சுட்டு வீழ்த்திவிட்டு எந்தச் சலனமும் இன்றி நகைச்சுவை பேசும் கேம்கள் இன்றும் பெரும் பொருட்செலவில் வருகின்றன. அவற்றின் சோகக் காட்சிகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மனத்தில் தங்குவதில்லை. கை அதை நம்புவதில்லை.

இதைவிடக் கவலைக்குரியது, பேணுவதால் பாசம் வளரும் என்ற அதே உண்மையை வணிகம் பயன்படுத்தும் விதம். தினமும் திறந்து பார்க்காவிட்டால் வாடும் செடி, வருந்தும் செல்லப் பிராணி, விட்டுப்போகக் கூடாத தொடர் நாள் கணக்கு ஆகியவை கைபேசி கேம்களில் நிறைந்திருக்கின்றன. பாத்திரங்கள்மீது வளர்ந்த பற்றை, உள்ளே என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளோடு பிணைத்துவிடுகிறார்கள். இத்தகைய பெட்டிகளுள் சில சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் அறிவித்தது. ஆழ்ந்த உணர்வை எழுப்பும் திறனும் அதைச் சுரண்டும் திறனும் ஒரே நுட்பத்திலிருந்து வருகின்றன. குழந்தைகளின் கையில் கைபேசியைக் கொடுக்கும் பெற்றோர் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

இன்னொரு தடை, பழக்கமில்லாதவர்களுக்குக் கன்ட்ரோலரே ஒரு மதில். நாவலை எழுத்தறிந்த எவரும் தொடங்கிவிடலாம். இரண்டு விரல்குமிழ்களையும் பத்துப் பொத்தான்களையும் ஒருசேர இயக்கப் பயிலாத ஒருவருக்கு, மேலே சொன்ன அனுபவங்கள் பல எட்டாதவை. இந்த நிலை மெல்ல மாறிவருகிறது. மனப்பதற்றத்தோடு மலையேறும் ஒரு பெண்ணைப் பற்றிய ‘செலஸ்ட்’ 2018-இல் வந்தபோது, ஆட்டத்தின் வேகத்தையும் கடினத்தையும் ஆட்டக்காரரே குறைத்துக்கொள்ளும் உதவி முறையைத் தந்தது. 2020-இல் வெளியான ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’, பார்வையற்றவர்களும் செவித்திறன் குறைந்தவர்களும் ஆடுவதற்காக அறுபதுக்கும் மேற்பட்ட அமைப்புகளோடு வந்தது.

இதுவரை கேம் பக்கமே வராத ஒருவர் தொடங்குவதென்றால் ‘வெண்பா’வும் ‘ஜர்னி’யும் ஏற்றவை. இரண்டும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், தோற்றுவிடுவோம் என்ற அச்சத்துக்கு இடமில்லை. ‘பிரதர்ஸ்’ மூன்று, நான்கு மணி நேரம் கேட்கும். இரண்டு கைகளும் பழகத் தொடக்கத்தில் பொறுமை வேண்டும். 2024-இல் வந்த அதன் மறுஆக்கத்தில், அண்ணனை ஒருவரும் தம்பியை ஒருவருமாக இருவர் பிரித்து ஆடும் வசதியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதன்முறை ஆடுபவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு, இருவரையும் தாமே இயக்குவது நல்லது.